மருந்துக்கு அடங்காத கைக்குழந்தை வலிப்பு: மூன்றாவது மருந்துக்கு முன் கேட்க வேண்டியது

கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் ஒரு மருந்து எழுதுவார்கள். நிற்காவிட்டால் இன்னொன்று சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காமல் சீட்டு நீண்டுகொண்டே போகும்போது, தர்மபுரியானாலும் ஓசூரானாலும், பெற்றோர் கேட்பது பெரும்பாலும் "இதைவிடப் பவரான மருந்து இல்லையா?" என்பதுதான். அதைவிடப் பயன்தரும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் குழந்தைக்கு வலிப்பு ஏன் வருகிறது?"

ஒரு வயதுக்குள் தொடங்கி மருந்துக்கு அடங்காமல் போகும் வலிப்பில் மரபணுக் கோளாறு முக்கியமான காரணம். எந்த மரபணு என்று தெரிந்தால் சில குழந்தைகளுக்கு மருந்தே மாறும். சிலருக்கு, கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மருந்தை விலக்குவதே சிகிச்சையாக அமையும். வெகு சிலருக்கு ஒரு வைட்டமின் மாத்திரை போதும். அந்த வெகு சிலரைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே மற்ற எல்லாரையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

எதை "அடங்காதது" என்கிறோம்

சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் இதற்கு ஒரு வரையறை வகுத்தது. வலிப்பின் வகைக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, தனித்தனியாகவோ சேர்த்தோ, சரியான அளவில், உடல் தாங்கும்படி கொடுத்தும் வலிப்பு நிலையாக நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்புநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இதில் வருவார்கள். இரண்டு மருந்துகள் தோற்ற பிறகு மூன்றாவது மருந்து முழுதாக வலிப்பை நிறுத்தும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் கணக்கு இரண்டில் நிற்கிறது.

வரையறையில் "பொருத்தமான", "சரியான அளவில்" என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தைகளில் பல நேரம் மருந்து தோற்பதில்லை, அளவுதான் தோற்கிறது. நான்கு கிலோ எடையில் லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30 மி.கி. வீதம் தொடங்கினால் மொத்தம் 120 மி.கி. சிரப் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. என்றால் காலை 0.6 மி.லி., இரவு 0.6 மி.லி. மூன்று மாதம் கழித்துக் குழந்தை ஏழு கிலோ. அதே 0.6 மி.லி. தொடர்ந்தால் கிலோவுக்கு 17 மி.கி.தான் போகிறது. மருந்து மாறவில்லை, குழந்தை வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் எடை போட்டு, அந்த எடையைச் சீட்டில் மருந்துக்கு மேலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த தொல்லை அளக்கும் கருவி. பாலாடையிலும் வீட்டுக் கரண்டியிலும் 0.6 மி.லி. அளக்க முடியாது. ஊசியில்லாத 1 மி.லி. அல்லது 2 மி.லி. சிரிஞ்சு மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஃபெனிட்டாயின் சிரப் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் மேல்பாதியில் மருந்து குறைவாகவும், அடிப்பாதியில் நச்சாகும் அளவுக்கும் இருக்கும். வால்புரோயேட் சிரப் பொதுவாக 5 மி.லி.யில் 200 மி.கி., ஃபெனோபார்பிட்டோன் சிரப் 5 மி.லி.யில் 20 மி.கி. இரண்டையும் "அஞ்சு எம்எல்" என்று வாயால் சொல்லி வாங்குவது ஆபத்து. மெடிக்கல் கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால், ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று லேபிளைப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, அது வலிப்புதானா என்பது. தூக்கத்தில் மட்டும் கைகால் துள்ளி, எழுப்பினால் நின்றுவிடுவது பச்சிளங்குழந்தைகளில் இயல்பு. அழுது மூச்சடைத்து நீலம் பாய்வதும், பால் எதுக்களித்து உடலை வளைப்பதும் வலிப்பாகத் தெரியும். இரத்தத்தில் கால்சியமோ சர்க்கரையோ குறைந்து வரும் வலிப்புக்கு வலிப்பு மருந்து எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. இவற்றை முதல் நாளே இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும்.

இங்கே வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கற்பூரம் கலந்த தைலம், நெஞ்சில் தடவும் பாம், நீலகிரித் தைலம் மூன்றுமே கைக்குழந்தைக்கு வலிப்பைத் தூண்டக்கூடியவை. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சளிக்கு என்று கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவிக்கொண்டே மருந்து கேட்கவில்லை என்பது நடக்கிறது. வீட்டில் வலிப்புள்ள குழந்தை இருந்தால் இந்த மூன்றையும் வெளியேற்றிவிடலாம். குழந்தைக்குக் கொடுக்கும் உரைமருந்தில் என்னென்ன சேர்கிறது என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மரபணு இதில் எங்கே வருகிறது

நரம்பணு ஒன்று சேதி அனுப்புவது மின்னூட்டம் கொண்ட உப்புத்துகள்கள் உள்ளே வெளியே போய்வருவதால். சோடியம் உள்ளே வந்தால் அணு கிளர்ச்சியடையும். பொட்டாசியம் வெளியே போனால் அடங்கும். இவை போய்வர அணுவின் சவ்வில் புரத வாயில்கள் உண்டு. ஏரி மதகைப்போல இவை தக்க நேரத்தில் திறந்து தக்க நேரத்தில் மூட வேண்டும். ஒரு மதகு மூடாமல் நின்றாலும் பயிர் கெடும், திறக்காமல் நின்றாலும் கெடும். ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை நேரெதிர். மரபணு என்பது இந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. அதில் ஓர் எழுத்து பிசகினால் வாயில் பிறவியிலேயே பிசகாக அமைகிறது.

வாயில் கோளாறு ஒரு வகை. மூளைக்குச் சர்க்கரை கொண்டுபோகும் புரதம் குறைவது, வைட்டமினைப் பயன்படுத்தும் நொதி இல்லாதது, மூளை அணுக்கள் அளவுமீறி வளர்வது எனப் பிற வகைகளும் உண்டு. வெளியே தெரிவது எல்லாவற்றிலும் ஒரே வெட்டு, ஒரே இழுப்பு. அதைப் பார்த்து மட்டும் மருந்தைத் தேர்ந்தால் குறி தவறும்.

ஒரே மருந்து, நேரெதிர் விளைவு

இதை நன்றாகக் காட்டுவது டிராவே நோய். பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவே 1978இல் விவரித்தது. எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் வாயில் மரபணுவின் பிசகு என்பது 2001இல் தெரிந்தது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று.

அதுவரை நன்றாக வளர்ந்த குழந்தைக்கு ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, முதல் வலிப்பு வரும். "காய்ச்சல் ஜன்னி, வளர்ந்தால் போய்விடும்" என்று அனுப்பிவிடுவது எளிது, ஏனென்றால் முதல் ஆண்டில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் நார்மலாகவே வரும். சாதாரண ஜன்னி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வருவது. உடல் முழுக்க இழுத்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். டிராவேயில் வலிப்பு பத்து நிமிடத்தைத் தாண்டும். உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும், அடுத்த முறை மறுபக்கம் இழுக்கும். 38 டிகிரியைத் தொடாத இளஞ்சூட்டுக்கும் வரும். பிள்ளைக்குச் சுடுநீர் ஊற்றும்போதும் வரும். குழந்தையைக் கால்மேல் போட்டு ஆவி பறக்கத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். (தலையில் சுடுநீர் ஊற்றும்போது மட்டும் வரும் "சுடுநீர் வலிப்பு" என்று ஒன்று தென் கர்நாடகத்தில் நிறையப் பதிவாகியிருக்கிறது. அது வேறு, பெரும்பாலும் எளிதில் அடங்குவது.)

எஸ்சிஎன்1ஏ வாயில் அதிகம் இருப்பது மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்களில். அது வேலை செய்யாதபோது அடக்குபவை ஓய்ந்துபோகின்றன. இந்த நிலையில் சோடியம் வாயிலை மேலும் அடைக்கும் கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் கொடுத்தால் வலிப்பு கூடும். டெக்ரிட்டால், எப்டாயின் என்று பல வீடுகளில் தெரிந்த பெயர்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். டிராவேக்கு அடிப்படை மருந்துகள் வால்புரோயேட்டும் குளோபசாமும். அடுத்து ஸ்டிரிபென்டால், ஃபென்ஃபுளூரமின், கன்னாபிடியால், கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு (விவரம் கீழே). மருந்தை மாற்றுவது மருத்துவர் வேலை. சந்தேகம் வந்ததும் வீட்டில் தானாக நிறுத்தினால், அந்தத் திடீர் நிறுத்தமே நிற்காத வலிப்பைக் கொண்டுவந்துவிடும்.

இப்போது மறுபக்கம். பிறந்த முதல் வாரத்திலேயே உடல் விறைத்து, ஒரு நாளில் பலமுறை வலிப்பு வரும் குழந்தைகளில் கேசிஎன்க்யூ2 என்ற பொட்டாசியம் வாயில் மரபணுப் பிசகு ஒரு முக்கியக் காரணம். இங்கே அதே கார்பமாசெபினும் ஃபெனிட்டாயினும் நன்றாக வேலை செய்யும். எஸ்சிஎன்2ஏ இன்னும் விசித்திரம். மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் வாயில் அளவுமீறித் திறக்கிறது என்று பொருள், அடைக்கும் மருந்து உதவும். அதற்குப் பிறகு தொடங்கினால் பெரும்பாலும் வாயில் திறக்கவில்லை என்று பொருள், அதே மருந்து கெடுதல் செய்யும். மரபணு ஒன்றே, தொடங்கிய மாதம் மருந்தைத் திருப்பிவிடுகிறது. "முதல் வலிப்பு எந்தத் தேதியில்?" என்று மருத்துவர் துருவிக் கேட்பது இதனால்தான்.

தடுப்பூசி பற்றிய பழியையும் இங்கே தீர்த்துவிடலாம். டிராவே குழந்தைகளுக்குச் சில சமயம் முதல் வலிப்பு, ஊசி போட்ட காய்ச்சலில்தான் வரும். ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்று முன்பு கருதப்பட்ட 14 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பிசகு இருந்தது. ஊசி வலிப்பின் நேரத்தை முன்னே இழுத்திருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை. ஊசியை விட்டுவிட்டு அம்மையோ கக்குவானோ வந்தால் அந்தக் காய்ச்சல் இன்னும் கடுமையாக இருக்கும். ஊசி நாளில் பாராசிட்டமால் எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. சொட்டுமருந்தின் செறிவும் சிரப்பின் செறிவும் வேறுவேறு என்பதை மறக்க வேண்டாம்.

வைட்டமினுக்கு நிற்கும் வலிப்பு

ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இருந்தாலும் முதலில் தேட வேண்டியவை இவை. சிகிச்சை மலிவு, தாமதத்தின் விலை மூளை.

பி6 சார்ந்த வலிப்பு 1954இலேயே பதிவானது. ஏஎல்டிஎச்7ஏ1 மரபணுவில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பிரதிகளும் பிசகியிருந்தால் உடலில் சேரும் ஒரு கழிவு, பி6 வைட்டமினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பிறந்த சில நாட்களில் தொடங்கும் வலிப்பு எந்த மருந்துக்கும் நிற்காது. மருத்துவமனையில் பைரிடாக்சின் 100 மி.கி. நரம்பில் ஏற்றிப் பார்ப்பார்கள். சில குழந்தைகளுக்கு அதனால் மூச்சு நின்றுபோகக்கூடும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக் கருவி பக்கத்தில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். உடனே நிற்காவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. வாய்வழியாகக் கிலோவுக்கு 30 மி.கி. வரை சில நாட்கள் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஐந்து கிலோ குழந்தைக்கு அது நாளொன்றுக்கு 150 மி.கி. சத்து டானிக்கில் இருப்பது சில மி.கி. மட்டுமே. "பி-காம்ப்ளக்ஸ் கொடுத்துப் பார்த்தாச்சு" என்பது கணக்கில் வராது. நோய் உறுதியானால் மாத்திரை வாழ்நாள் முழுக்க. அளவு கூடினால் கைகால் நரம்பு கெடும், அதனால் கண்காணிப்பும் வாழ்நாள் முழுக்க. இதன் நெருங்கிய உறவான இன்னொரு குறைபாட்டில் சாதாரண பி6 சரிப்படாமல், அதன் செயல்வடிவமான பைரிடாக்சல் பாஸ்பேட் தேவைப்படும்.

பயோட்டினிடேஸ் குறைபாட்டில் வலிப்போடு தோலில் தடிப்பு, முடி உதிர்வு, உடல் தளர்வு சேர்ந்து வரும். பயோட்டின் நாளொன்றுக்கு 5 முதல் 10 மி.கி. கொடுத்தால் வலிப்பும் தோலும் சீக்கிரம் தேறும். ஆனால் போன காதுகேள்வி பெரும்பாலும் திரும்பாது.

குளூட்1 குறைபாடு வேறு விதம். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், மூளைக்குள் போகாது. விடியற்காலையில், பால் குடிக்கும் முன் வலிப்பு கூடுவதும், கண்கள் விநோதமாகத் தாவுவதும் குறிப்புகள். சோதனை எளிது. நான்கு முதல் ஆறு மணி நேரம் பால் இல்லாமல் வைத்து, முதலில் இரத்தச் சர்க்கரை, உடனே முதுகுத்தண்டு நீரின் சர்க்கரை. பின்னது முன்னதில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பது இயல்பு. இந்த நோயில் பாதிக்கும் கீழே, பெரும்பாலும் 100 மி.லி.யில் 40 மி.கி.க்குக் கீழே போய்விடும். இரத்தத்தை மறந்து தண்டுநீர் மட்டும் எடுத்தால் கணக்கு நிற்காது, மறுபடி குத்த வேண்டிவரும். சிகிச்சை கீட்டோ உணவு. சர்க்கரைக்குப் பதில் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோனை மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது.

கைக்குழந்தைக்குக் கீட்டோ உணவு பொதுவாக 3:1 விகிதம், அதாவது மூன்று கிராம் கொழுப்புக்கு, மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம். நம் ஊர்க் குழந்தைக்கு ஆறாம் மாதம் முதல் ஊட்டும் ராகிக் கூழ், கஞ்சி, வாழைப்பழம் எதற்கும் இதில் கிட்டத்தட்ட இடமில்லை. எண்ணெய், வெண்ணெய், பாலேடு, முட்டை எல்லாம் கிராம் கணக்கில் எடைபோட்டு. இனிப்பூட்டிய சிரப் ஒரு வேளை கொடுத்தாலே கீட்டோன் இறங்கிவிடும், ஆகவே எல்லா மருந்தையும் மாத்திரை வடிவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். கொழுப்பை எரிக்க முடியாத சில வளர்சிதை நோய்களில் இந்த உணவே உயிருக்கு ஆபத்து. யூட்யூப் பார்த்து வீட்டில் தொடங்கும் காரியமே இல்லை.

உரம் விழுந்ததாக நினைக்கப்படும் வலிப்பு

நான்கு முதல் எட்டு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலை குனிந்து, இரு கைகளும் விரிந்து, வயிறு மடங்கி ஒரு நொடி நிற்கும். சில நொடி விட்டு மறுபடி. இப்படிப் பத்து, இருபது, சில சமயம் அதற்கு மேலும் வரிசையாக. ஒவ்வொன்றும் சிறியது என்பதால் வயிற்றுவலி என்றும், உரம் விழுந்தது என்றும் சொல்லி, துணியில் போட்டு உருட்டி, மந்திரித்து வாரக்கணக்கில் போய்விடுகிறது. சூடு போடும் கொடுமையும் சில இடங்களில் இன்னும் தீரவில்லை. இதுதான் மடிப்பு வலிப்பு, வெஸ்ட் நோய். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் 1841இல் தன் சொந்த மகனுக்கு வந்ததை லான்செட் இதழுக்கு எழுதினார். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்துவதும், முகம் பார்க்காமல் போவதும் கூடவே வரும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத வலிப்பு இது. தூக்கத்தில் இ.இ.ஜி. எடுத்தால் அலைகள் ஒழுங்கின்றிக் குழம்பியிருப்பது தெரியும்.

சிகிச்சை ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, அதிக அளவு பிரெட்னிசோலோன் அல்லது விகாபாட்ரின். வழக்கமான வலிப்பு மருந்துகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய் உட்பட தொற்று இல்லை என்று பார்க்க வேண்டும், நடுவில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்க வேண்டும். ஆனால் குழந்தையின் தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகள் இருந்தால் வரிசை மாறும். அவை டியூபரஸ் ஸ்கிளிரோசிஸின் அடையாளமாக இருக்கலாம். டிஎஸ்சி1, டிஎஸ்சி2 மரபணுப் பிசகால் மூளை, இதயம், சிறுநீரகத்தில் கட்டிகள் வளரும் நோய் இது. இங்கே விகாபாட்ரின் முதல் தேர்வு. பார்வையின் ஓரத்தைப் பாதிக்கும் என்பதால் கண் பரிசோதனையோடு கொடுப்பார்கள். மாநிறக் குழந்தையில் அந்தத் திட்டுகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் "தேமல்" என்று விட்டுவிடுகிறோம். உடம்பு முழுக்க உடையை அவிழ்த்துப் பார்க்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

மரபணுப் பரிசோதனை

குழந்தையின் 2 முதல் 3 மி.லி. இரத்தம், ஊதா மூடிக் குழாயில். மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகள் அனைத்தையும் ஒரே வீச்சில் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையைத்தான் இப்போது பெரும்பாலும் எழுதுகிறார்கள். தனியார் ஆய்வகத்தில் குழந்தைக்கு மட்டும் எடுக்க சுமார் 15,000 முதல் 30,000 ரூபாய். முடிவு வர நான்கு முதல் ஆறு வாரம். தாய் தந்தை இரத்தமும் சேர்த்துப் படித்தால் செலவு கூடும், குழப்பம் குறையும்.

அறிக்கையில் மாற்றங்களை ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். நோய் உண்டாக்குவது, அநேகமாக உண்டாக்குவது, பொருள் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. தொல்லை நடுவில் இருப்பதில். "பொருள் தெளிவில்லாதது" என்பதை நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றுவதும், ஒன்றுமில்லை என்று கிழித்துப்போடுவதும் தவறு. பெற்றோரைச் சோதித்துப் பார்த்தால் பல நேரம் தெளிவு கிடைக்கும். எக்ஸோமில் எதுவும் வரவில்லை என்றால் மரபணுக் காரணம் இல்லை என்றும் ஆகாது. ஒரு துண்டு முழுதாக விடுபட்டிருப்பதை இந்தப் பரிசோதனை தவறவிடக்கூடும், அதற்கு வேறு முறை உண்டு. ஓரிரண்டு ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம், அப்போது புதிய இரத்தம் தேவையில்லை.

அறிக்கைக்காகக் காத்திருக்கும் அந்த ஆறு வாரமும் பி6 தொடங்காமல் இருக்கக் கூடாது. வைட்டமின் சோதனை முதலில், மரபணு பிறகு. இன்னொரு எச்சரிக்கை, இரண்டு வயதுக்குள் வால்புரோயேட் கல்லீரலைக் கெடுக்கும் ஆபத்து உண்டு. போல்ஜி என்ற மரபணுப் பிசகு இருந்தால் அது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகும். இரத்தத்தில் லாக்டேட் கூடியிருந்தாலோ, வளர்ச்சி பின்னோக்கிப் போனாலோ மருத்துவர் அதை எழுதத் தயங்குவது இதனால்தான்.

வீட்டில் வலிப்பு வந்தால்

தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தருகே துணியைத் தளர்த்துங்கள். வாயில் விரல், கரண்டி, தண்ணீர், சங்கு எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நிற்பதில்லை, அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். இன்னொருவர் செல்போனில் முகமும் நான்கு கைகால்களும் தெரிய வீடியோ எடுக்கட்டும். முப்பது நொடி வீடியோ, அரை மணி நேர வர்ணனையைவிட மருத்துவருக்கு உதவும்.

ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடசோலம். அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. எட்டு கிலோ குழந்தைக்கு 1.6 மி.கி. ஒரு பீய்ச்சலுக்கு 0.5 மி.கி. தரும் ஸ்பிரே என்றால் மூன்று பீய்ச்சல், இரு மூக்குத் துளையிலும் மாற்றி மாற்றி. கடையில் 1.25 மி.கி. வகையும் இருக்கிறது. அதை வாங்கி அதே மூன்று முறை அடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய் மூச்சு தாழ்ந்துவிடும். எத்தனை பீய்ச்சல் என்பதை எந்த வகை ஸ்பிரே என்பதோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். புது பாட்டிலைக் காற்றில் சில முறை அடித்துப் பார்த்த பிறகே மருந்து வரும். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் 108 வந்து சேரும் நேரத்தை நினைத்தால், இந்த ஸ்பிரே வீட்டில் இல்லாமல் அந்தக் குழந்தையை டிஸ்சார்ஜ் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து.

டிராவே குழந்தைக்கு ஒரு கடிதம் கூடவே இருக்க வேண்டும். நோயின் பெயர், எடை, இப்போதைய மருந்துகள், "ஃபெனிட்டாயின் தவிர்க்கவும்" என்ற வரி, சிகிச்சை தரும் மருத்துவரின் எண். நிற்காத வலிப்புக்கு எந்த அவசரப் பிரிவிலும் கைக்கு எட்டும் மருந்துகளில் ஃபெனிட்டாயினும் ஒன்று. நள்ளிரவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டும்.

எங்கே போவது

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதல் சிகிச்சையும் அடிப்படைப் பரிசோதனைகளும் ஆகும். இரண்டு மருந்து தோற்றதும் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், கேட்காமல் வராது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் கைக்கெட்டும் தூரம். மற்றவர்களுக்கு வேலூர் சி.எம்.சி., சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மாநில எல்லை தாண்டிச் செல்லுமா என்பதை அந்தந்த மருத்துவமனையில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. வளர்ச்சிப் பயிற்சிகளுக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது. வலிப்பு நிற்கட்டும் என்று காத்திராமல் அங்கே இப்போதே போகலாம்.

இ.இ.ஜி.க்குப் போவதற்கு முந்தைய நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய் இருந்தால் மின்முனைகள் ஒட்டாது, பயணமே வீண். குழந்தையைச் சீக்கிரம் எழுப்பிவிட்டு, பரிசோதனை நேரத்தில் பால் கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும்.

சொந்தத்தில் கட்டியதாலா?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உறவுத் திருமணம் 28 சதவீதம், நாட்டிலேயே முன்வரிசை. தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவதும் இங்கே சாதாரணம். பி6 வலிப்பு, பயோட்டினிடேஸ் குறைபாடு போன்றவை இரு பிரதியும் பிசகினால்தான் வரும் நோய்கள். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பிசகான பிரதி கணவனிடமும் மனைவியிடமும் இருக்கும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுகிறது. அப்படி இருவரும் தாங்கிகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்ற கணக்கு தவறு.

ஆனால் டிராவே, கேசிஎன்க்யூ2, கைக்குழந்தை வலிப்புக்குக் காரணமான இன்னொரு மரபணுவான சிடிகேஎல்5 ஆகியவற்றின் நோய்களில் பெரும்பாலானவை குழந்தையிலேயே புதிதாக நேரும் மாற்றம். பெற்றோர் இருவருக்கும் இருக்காது, உறவில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவில். இதைச் சொல்லாமல் விட்டால் பழி முழுதும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. சிறுபான்மைக் குடும்பங்களில் பெற்றோர் ஒருவருக்கு லேசான வடிவில் அதே மாற்றம் இருந்திருக்கலாம், சிறுவயதில் ஜன்னி வந்தது என்ற அளவில். கேட்டால்தான் தெரியும்.

அடுத்த கர்ப்பத்தில் சோதிக்க 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்கலாம். ஆனால் எந்த மாற்றத்தைத் தேடுவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான்காம் மாதத்தில் வந்து மூத்த குழந்தைக்கு எக்ஸோம் கொடுத்தால், அறிக்கையும் பெற்றோர் பரிசோதனையும் முடியும்போது ஆறாம் மாதம் தொடங்கியிருக்கும். இப்போது பணம் இல்லை, அல்லது குழந்தையின் உடல்நிலை மோசமாகிறது என்றால், ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து டி.என்.ஏ.யைப் பிரித்துச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். பரிசோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம். மாதிரி இல்லாவிட்டால் பெற்றோரின் இரத்தத்தை மட்டும் வைத்துத் தேட வேண்டிவரும், அதில் புதிதாக நேர்ந்த மாற்றம் கிடைக்கவே கிடைக்காது.